கண்மாய்க் குளியலும் பிள்ளைகளின் கண்ணும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை வருகிறது, கண்மாயும் நிறைந்து கிடக்கிறது. இனி பிள்ளைகளைத் தண்ணீரை விட்டுக் கரையேற்றுவது பெரும்பாடுதான். அதனால் ஒரு கண் நோயைப் பற்றி இப்போதே எழுதுகிறேன். அரிதான நோய். ஆனால் நம்முடையதைப் போன்ற ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் அது வந்திருக்கிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2002-இல் இதைப் பற்றி எழுதினார்கள். கண் சிவந்து வந்த கிராமத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கண்ணின் முன்பகுதியில், முத்துப் போல வெள்ளையாக ஒரு சின்னக் கட்டி இருந்தது. விசாரித்தால், ஊர்க் குளத்திலோ ஆற்றிலோ குளிப்பவர்கள். பையன்களே அதிகம். காரணம் ஒரு தட்டைப்புழு. அது நீர்ப்பறவைகளின் குடலில் வாழ்கிறது. அதன் முட்டைகள் பறவைகளின் எச்சத்தோடு தண்ணீரில் விழுகின்றன. பிறகு அவை நத்தைக்குள் வளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்களாக வெளியே நீந்துகின்றன. அவை குளிக்கும்போது கண்ணைத் தாக்குகின்றன என்று கருதுகிறார்கள். குளத்து நத்தைகளையும் ஆராய்ந்து, புரோசெரோவம் வேரியம் என்ற புழுவை 2016-இல் அடையாளம் காட்டினார்கள்.

என் கவலையெல்லாம் இதுதான்: கண் சிவந்தால் நாம் 'மெட்ராஸ் ஐ' என்று முடிவுகட்டி, மெடிக்கலில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுகிறோம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இந்த நோய்க்கு மருத்துவர் ஸ்டீராய்டு சொட்டு தரலாம், ஆனால் அது அவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். நாமாக விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரையும் விழலாம். கட்டி பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சை செய்து எடுப்பார்கள். சீக்கிரம் போனால் பார்வையைக் காப்பாற்றலாம். தள்ளிப்போட்டால் பார்வையே போகலாம்.

கண் சிவப்பு, நீர் வடிதல், வெளிச்சம் பார்க்கக் கூசுதல், விழியில் வெள்ளைப் புள்ளி, பார்வை மங்கல் இவற்றில் எது இருந்தாலும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டும்போது "கண்மாயில் குளிப்பான்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் மருத்துவருக்குப் பெரிய உதவி. திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் குளித்ததை மறைப்பார்கள், அதனால் முதலில் அன்பாகக் கேளுங்கள்.

நீச்சல் கற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பாசியும் நத்தையும் மண்டிய ஓரத்தில் முங்கிக் குளிக்க விடாதீர்கள். போர்வெல் தண்ணீர் விழும் பம்புசெட் இருந்தால் அங்கே குளிக்கட்டும்.

இன்னொன்று. இந்தப் புழு நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. மருத்துவர் இந்த நோய்தான் என்று உறுதிசெய்த பிள்ளையை யாரும் ஒதுக்க வேண்டாம். வகுப்பில் எல்லோரோடும்தான் உட்கார வைப்போம். சிகிச்சைக்காக எடுக்கும் விடுப்பைப் பற்றியும் கவலை வேண்டாம், வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்