செயலாளரின் ஆண்டறிக்கை: ஏஞ்சல் குஞ்சுகளை ஆளாக்கிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, பினாங்குத் தீவிலிருந்தும் பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கமிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நம் மீன் வளர்ப்புச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தம் அறிக்கையில் சொல்வார். தமிழ்ப்பள்ளி ஒன்றுக்கு மீன் தொட்டி அமைத்துக் கொடுத்தோம். பிள்ளைகளே முறை வைத்துத் தண்ணீர் மாற்றுகிறார்களாம், கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. சரி, இந்த ஆண்டு முழுக்க நாம் பேசியது ஏஞ்சல் மீனைப் பற்றித்தான். அதற்கே வந்துவிடுகிறேன்.

நல்ல ஜோடியாக வாங்கித் தாருங்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். செயலவை அதற்கு இணங்காமல், சின்ன மீன்களாக வாங்கி ஆளுக்கு ஆறு என்று பிரித்துக் கொடுத்தது. ஏஞ்சலில் ஆண் எது, பெண் எது என்று முட்டையிடும் நேரம் வரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஜோடி என்று பையில் கட்டித் தருவது இரண்டும் பெண்ணாகக்கூட இருக்கலாம். அவையும் சேர்ந்து முட்டையிடும், ஆனால் ஒன்றும் பொரியாது. ஆறு மீன்கள் ஒன்றாக வளர்ந்தால் எட்டுப் பத்து மாதத்தில் தாமாகவே ஜோடி சேர்ந்து, தொட்டியில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அப்போது அந்த இரண்டையும் தனித் தொட்டிக்கு மாற்றினால் போதும். பொறுத்திருந்தவர்கள் பலருக்கு இந்த ஆண்டு ஜோடி அமைந்தது.

பிறையில் அடுக்குமாடி வீடு ஒன்றில் கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஜோடி நம் கண்ணெதிரே முட்டையிட்டது. சாய்த்து வைத்திருந்த சிலேட்டுப் பலகையை இரண்டும் வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன. பெண் அடிவயிற்றைப் பலகையோடு ஒட்டிக்கொண்டு மெல்ல மேலே ஏற, முட்டைகள் ஜவ்வரிசி கோத்த மாதிரி வரிசையாக ஒட்டின. ஆண் பின்னாலேயே அதே வரிசையில் ஏறி அவற்றைக் கருவுறச் செய்தது. அடிவயிற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் பெண்ணுக்குத் தடித்து மழுங்கலாகவும், ஆணுடையது மெலிந்து கூராகவும் இருப்பதை அன்று எல்லோரும் நேரில் பார்த்தோம். அப்புறம் இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தன. வெளுத்துப் போன முட்டைகளைப் பொறுக்கி எடுத்தன. நிகழ்ச்சி நிரலை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தோம்.

நம் ஊர் வெப்பத்துக்கு, குளிர்சாதனம் போடாத அறையில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. தண்ணீர் 28 டிகிரி இருந்தால் இரண்டு, இரண்டரை நாளில் முட்டை பொரியும். குஞ்சுகள் தலையில் ஊறும் பசை இழையால் பலகையில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். நீந்தத் தொடங்க இன்னும் ஐந்து நாள் ஆகும். அதுவரை வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவே சாப்பாடு. தீனி போடவே கூடாது.

இளம் ஜோடிகள் முதலில் இடும் முட்டைகளைத் தின்றுவிடுவது சகஜம். அதனால் பலகையை அப்படியே வேறு தொட்டிக்கு மாற்றி, காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோனும், பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சில சொட்டு மெத்திலீன் புளூ மருந்தும் போட்டுப் பொரிக்கிறவர்கள் நம்மில் அதிகம். தவறில்லை. ஆனாலும் ஒரு தடவையாவது தாய் தகப்பனிடமே விட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விலகிப் போன குஞ்சை வாயில் கவ்வி வந்து திரும்ப ஒட்டவைக்கும் காட்சியைப் பார்த்தால் இந்த மீன்மேல் வரும் மரியாதையே வேறு.

முட்டை போட வைப்பதில் யாரும் பெரிதாகச் சிரமப்படவில்லை. குஞ்சுகள் செத்தது நீந்தத் தொடங்கிய முதல் வாரத்தில். தூள் தீனியை அவை சரியாகத் தொடுவதில்லை. மிஞ்சிய தூள் அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கிறது. ஆர்ட்டீமியா என்ற மிகச் சிறிய உப்புநீர் இறாலின் முட்டையைப் பொரித்துக் கொடுத்த வீடுகளில்தான் குஞ்சு தங்கியது. அதைப் பொரிக்க லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு கலந்த தண்ணீர், நன்றாகக் கொதிப்பது போல் காற்று, மேலே ஒரு விளக்கு. ஏறக்குறைய 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிற உயிர்கள் கீழே சேரும். அவற்றை மட்டும் உறிஞ்சி எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். ஓடு குஞ்சின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. கொடுத்த சிறிது நேரத்தில் குஞ்சின் வயிறும் ஆரஞ்சு நிறமாக உப்பித் தெரியும். தெரியாத குஞ்சு சாப்பிடவில்லை என்று பொருள். குறைந்தது காலையும் மாலையும் கொடுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தவிர வேறு ஃபில்டர் வேண்டாம், குஞ்சுகளை உறிஞ்சிவிடும். அடியில் சேர்ந்ததை நாள்தோறும் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றுங்கள்.

பெரிய மீனுக்கு மாட்டு இதயம் அரைத்துக் கொடுக்கும் வழக்கம், டிஸ்கஸ் என்ற இன்னொரு தொட்டி மீனை வளர்க்கும் பண்ணைகளிலிருந்து வந்தது. மாட்டிறைச்சி வீட்டுக்குள் வராத குடும்பங்கள் நம்மில் நிறைய. அவர்கள் இறாலும் பச்சைப் பட்டாணியும் அரைத்து உறையவைத்துக் கொடுக்கிறார்கள். மீன்கள் நன்றாகவே முட்டையிடுகின்றன.

குஞ்சின் உடம்பு 50 சென் காசு அளவுக்கு வந்ததும் கடைகள் வாங்கிக்கொள்கின்றன. மிஞ்சியதை ஆற்றிலோ லோங்காங் என்னும் சாக்கடைக் கால்வாயிலோ தயவுசெய்து விடாதீர்கள். தொட்டியிலிருந்து போன ஈக்கான் பண்டாராயா, அதாவது கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் மீன், நம் ஆறுகளை என்ன பாடுபடுத்துகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கொண்டு வாருங்கள், உறுப்பினர்களுக்குள் பகிர்ந்துகொள்வோம்.

1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, இந்தக் கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு விவரங்களை அனுப்ப வேண்டும். முகவரி மாறியவர்கள் இன்றே என்னிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு தீர்மானம். நல்ல ஆர்ட்டீமியா முட்டை டின் விலை அதிகம். திறந்தபின் ஈரம் பட்டால் பொரிப்பது குறைந்துவிடும். அதனால் பலர் மலிவானதை வாங்கிக் குஞ்சுகளை இழக்கிறார்கள். வரும் ஆண்டு சங்கப் பணத்தில் மீன் வாங்குவதை விட்டுவிட்டு, ஆர்ட்டீமியா முட்டையைப், பெரிய டின்னாக வாங்கி, சின்னப் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி, அடக்க விலைக்கே உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். தீவில் ஒருவர், பெருநிலத்தில் ஒருவர் குளிர்பெட்டியில் இடம் கொடுத்தால் போதும். வழிமொழிபவர்களும் இடம் தரக்கூடியவர்களும் கையை உயர்த்துங்கள்.

நன்றி.
செயலாளர்