கரட்டடியில மண்ணெடுக்கறதப் பத்தி எங்க கிராம சபைக்கு ஒரு மடல்

ஊர்ப் பெரியவங்களுக்கும் பஞ்சாயத்து மெம்பர்களுக்கும் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு வர்ற எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

நம்ம ஊருக்கு மேக்கால இருக்கற கரட்டடியில, அதாவது அந்தப் பாறைக் குன்றோட அடிவாரத்துல, கிராவல் மண்ணு எடுக்க தீர்மானம் கொண்டு வர்றதா கேள்விப்பட்டேன். சும்மா கெடக்கற கரடுதானேன்னு டீக்கடைல பேசிக்கறாங்க. சும்மா கெடக்கலீங்க.

கரடு மொளச்சு வந்ததில்லீங்க, சுத்தியும் இருந்த பாறையெல்லாம் கரைஞ்சு போக அது மட்டும் கெட்டியா நின்னுக்கிச்சு. சென்னிமலை, சங்ககிரி எல்லாம் அப்படி மிஞ்சுனதுதான். நீலகிரிப் பாறை 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துல வெந்து எறுகுனது, அது இன்னைக்கு தொட்டபெட்டாவுல 2,637 மீட்டர் ஒசரத்துல நிக்குதுன்னா மேல மூடியிருந்தத எவ்வளவு மழை அரிச்சிருக்கோணும், யோசிச்சுப் பாருங்க.

போன வாரம் கரட்டடில ஒரு கல்ல எடுத்தேன், பாக்க கல்லாட்டம்தான் இருந்துச்சு, கைல வெச்சு அழுத்துனா பொலபொலன்னு உதுருது. உள்ள காக்காப்பொன்னுங்கற மைக்கா மினுங்குது, வெங்கச்சாங்கல்லுங்கற வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லு மட்டும் பருப்பாட்டம் அப்படியே நிக்குது. பகல் வெயில்லயும் ராத்திரி குளுருலயும் பாறை வெங்காயத் தோலாட்டம் உரியும், வெடிப்புல எறங்குற தண்ணி ஒரு பங்கக் களிமண்ணாக்கிரும், வெங்கச்சாங்கல் மட்டும் மசியாது. இப்படி ஆயிரக்கணக்கான வருஷமா உக்குன பாறைதானுங்க நாம யூனிட் கணக்குல விக்கற கிராவல். அத வாரி எடுக்கறது ஹிட்டாச்சி மிஷினுக்கு ஒரு நாள் வேலை.

பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடியில நமக்கு காத்துதான் வருது, மழை பாதிக்கு மேல மலைக்கு அக்கட்டயே நின்னுக்குது. பெய்யற கொஞ்ச மழையும் கரட்டுல வழுக்கி வந்து இந்த கிராவல்லதான் எறங்குது, அதுக்குக் கீழ கெட்டிப் பாறை, அதனால தண்ணி பக்கவாட்டுல நகந்து நம்ம கெணத்துக்கு வருது. எங்க அப்பாரு கெணறு வெட்டறப்போ இந்த உக்கல் பாறைல தான் ஊத்துக் கண்ணு தொறந்துச்சுன்னு சொல்லுவாரு. இத வழிச்சுட்டா வெறும் பாறைல அடிக்கற தண்ணி நேரா பள்ளத்துக்கு ஓடிரும், ஓடறப்போ தோட்டத்து மண்ணையும் வாரிட்டுப் போகும். பக்கத்து ஊருல தோண்டுன குழியோரம் ஒரே ஐப்பசி மழைல ஆளு எறங்கி நிக்கற அளவுக்கு அரிச்சிருக்குதுங்க, அந்த மண்ணு அத்தனையும் குட்டைல வண்டலா கெடக்குது.

ரோட்டுக்கு மண்ணு வேணும், ஒத்துக்கறேன். குட்டைல படிஞ்ச வண்டலத் தூர்வாரி தோட்டத்துக்கு அடிங்க, ரோட்டுக்கு வேற எடம் பாக்கலாம், நானும் கூட வர்றேன். கரட்டடியத் தொடாம தீர்மானம் போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு மழை பேஞ்சா மறுநாள் காலைல எங்க கெணத்து மேட்டுக்கு வாங்க, மேக்குச் செவுத்துல தண்ணி கசியறத கைல தொட்டே பாக்கலாமுங்க.