தொட்டி 92 விழுக்காடு: கட்டடத் தானியக்க ரூட்டர் பற்றிய புகார்

அனுப்புநர்
நிர்வாகி,
திருமண மண்டபம் மற்றும் தங்கும் விடுதி,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
கட்டடத் தானியக்கப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: புரட்டாசி 6

பொருள்: எங்கள் மண்டபத்திலும் விடுதியிலும் பாக்நெட் (கட்டடக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழி) ரூட்டர்களைத் தவறாக அமைத்தது, ஆவணங்களை ஒப்படைக்காதது குறித்து.

ஐயா,

ஆவணி மாதத்து முகூர்த்தம் ஒன்றின் விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் விடுதிக் குழாய்கள் நின்றுபோயின. இருபத்து நான்கு அறைகளிலும் பெண் வீட்டார். கீழே தவசிப்பிள்ளை இட்லிக் கொப்பரையை இறக்கி வைத்துத் தண்ணீருக்காகக் காத்து நிற்கிறார். ஓடிப்போய் அலுவலகக் கணினியைப் பார்த்தேன். "மேல்நிலைத் தொட்டி: 92 விழுக்காடு" என்று பச்சை எழுத்தில் காட்டியது. டார்ச் விளக்கோடு மொட்டை மாடிக்கு ஏறி மூடியைத் தூக்கினேன். ஐயாயிரம் லிட்டர் தொட்டியின் அடியில் ஒரு செம்புக்குத் தேறாத தண்ணீர் கிடந்தது. இறங்கி வந்து மறுபடியும் திரையைப் பார்த்தேன். 92தான்.

மோட்டாரைக் கையால் போட்டுவிடலாம் என்றால், அதற்கான சுவிட்சை உங்கள் ஆட்கள் பேனலுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி உங்கள் பொறியாளரிடம். பொறியாளர் மதுரையில். அவருடைய கைப்பேசி அணைந்திருந்தது. அந்த நேரத்தில் தூங்குகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் எலக்ட்ரீசியன், "அண்ணாச்சி, உடைத்துவிடட்டுமா?" என்று கேட்டார். உடைத்தோம். குழாயில் தண்ணீர் வர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை மணப்பெண்ணின் பாட்டி தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, போவோர் வருவோர் காதில் விழும்படி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆற்றங்கரையில் மண்டபத்தைக் கட்டிவிட்டுக் குளிக்கத் தண்ணீர் இல்லை என்கிறார்கள்." எங்கள் பின்பக்கச் சன்னலைத் திறந்தால் தாமிரபரணி தெரியும். என்ன பதில் சொல்வது? மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் சொதி பரிமாறும்போதும் அதே பேச்சுதான்.

நீங்கள் கோப்பைத் தேட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மண்டபத்தில் ஏ.சி., விளக்குகள், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்குப் பதினான்கு கன்ட்ரோலர்களை (கருவிகளை இயக்கும் சிறு பெட்டிகளை)ப் பொருத்தி, அவற்றை ஆர்.எஸ். 485 என்ற இரட்டைக் கம்பி லைன் ஒன்றில் கோத்து, ஒரு ரூட்டர் வழியாக அலுவலகக் கணினியோடு இணைத்தீர்கள். அந்த வேலையில் குறை இல்லை. கம்பி இழுக்க வந்த பையன் ஒவ்வொரு முனைக்கும் எண் ஒட்டி, வளைவில்கூட நுணுக்கம் பார்த்துக் கட்டியிருந்தான். அவன் இப்போதும் உங்களிடம் இருந்தால் நல்ல சம்பளம் கொடுங்கள். இந்த வைகாசியில் விடுதி திறந்தபோது வந்தது வேறொரு குழு. ஒன்பது கன்ட்ரோலர்கள், இரண்டாவது லைன், இரண்டாவது ரூட்டர். தொட்டி விடுதி மாடியில் இருக்கிறது, மோட்டார் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே தொட்டியின் அளவை ஒரு ரூட்டர் வழியாகக் கணினி படித்து, இன்னொரு ரூட்டர் வழியாக மோட்டாருக்குச் சொல்லும் என்று விளக்கினார்கள். அதுவரை தொட்டியில் கிடந்த மிதவை சுவிட்சை, "இனி இது எதற்கு சார்?" என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். முந்நூறு ரூபாய் பெறாத அந்த மிதவை பன்னிரண்டு ஆண்டுகள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

ஒப்படைத்த அன்று விடுதித் திரையை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்து ஆடி. ஆடியில் எங்கள் தொழில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்டபம் பூட்டிக் கிடந்ததால் கோளாறும் வெளியே தெரியவில்லை.

முகூர்த்தம் முடிந்த அன்றே உங்கள் சேவை எண்ணுக்குப் புகார் சொன்னேன். "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்றார்கள். அணைத்துப் போட்டதும் விடுதி திரைக்கு வந்தது, மண்டபம் மறைந்தது. இரண்டாவது முறை அழைத்தபோது, "இணைய இணைப்புக் கோளாறு, அவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். ஒரே வளாகத்துக்குள் ஓடுகிற கம்பிக்கும் இணையத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன், அழைப்பு துண்டிக்கப்பட்டது. மூன்றாவது முறை பொறியாளர் நேரில் வந்தார். பேனலைத் திறக்காமல், கணினியில் அரைமணி நேரம் எதையோ பார்த்துவிட்டு, வருகைக் கட்டணமாக 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். நான்கு நாள் கழித்து ஒரு விலைப்புள்ளி வந்தது. விடுதியின் ஒன்பது கன்ட்ரோலர்களும் பழுதாம், மாற்ற வேண்டுமாம், 1,80,000 ரூபாயாம். மூன்று மாதம்கூட ஆகாத பொருள்!

நான் தொலைபேசித் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். கம்பியில் கோளாறு என்றால் முதலில் கம்பியைத்தான் கேட்பேன். விடுதி லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு கம்பிகளுக்கு நடுவே மீட்டரை வைத்தேன். செய்தி முனையில் மோதித் திரும்பாமல் இருக்க, இந்த லைனின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால், சேர்த்து அளந்தால் பாதியாக 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். காட்டியது 40. அப்படியென்றால் எங்கோ மூன்றாவது தடை ஒன்று ஒளிந்திருக்கிறது. தேடினோம். லைனின் நடுவில் தொங்கும் உங்கள் ரூட்டருக்குள்ளேயே ஒரு சிறிய சுவிட்ச், தடையைச் சேர்க்கும் பக்கம் தள்ளப்பட்டிருந்தது. முனையில் இருக்கும் ரூட்டருக்குத்தான் அதைப் போட வேண்டும். மண்டபத்து ரூட்டர் முனையில் இருக்கிறது, அங்கே போட்டது சரி. இங்கேயும் அதைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சுவிட்சைத் தள்ளியதும் லைன் தெளிவானது. ஆனால் மண்டபம் வந்தால் விடுதி மறைவதும், விடுதி வந்தால் மண்டபம் மறைவதும் நிற்கவில்லை. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம் என்றால் கடவுச்சொல் உங்களிடம். கேட்டதற்கு, "நிறுவனக் கொள்கைப்படி தர இயலாது" என்று பதில் வந்தது. வீட்டைக் கட்டிக் கொடுத்த கொத்தனார் சாவியைத் தர மறுத்தால் அதற்குக் கொள்கை என்றா பெயர்?

பொறியியல் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுடைய மடிக்கணினியில் வயர்ஷார்க் என்ற மென்பொருள் இருந்தது. இலவச மென்பொருள், கம்பியில் ஓடும் பாக்நெட் செய்திகளைப் பிரித்துக் காட்டும். இரண்டு ரூட்டர்களையும் அணைத்துப் போட்டு, அவை எழுந்து என்ன பேசுகின்றன என்று பார்த்தோம். "நெட்வொர்க் 1-க்கு நானே வழி" என்றது மண்டபத்து ரூட்டர். சில வினாடிகளில், "நெட்வொர்க் 1-க்கு நானே வழி" என்றது விடுதி ரூட்டர். இரண்டின் டிவைஸ் எண்ணும், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்ணும், ஒன்றே. ஐபி முகவரி மட்டும் வேறு. பேத்தி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்: முதல் ரூட்டரின் அமைப்புக் கோப்பை இரண்டாவதில் அப்படியே ஏற்றி, ஐபி முகவரியை மட்டும் மாற்றிவிட்டு உங்கள் ஆட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

என் பழைய தொழில் மொழியில் சொல்கிறேன். தென்காசிக்கு எஸ்.டி.டி. எண் 04633, அம்பாசமுத்திரத்துக்கு 04634. உள்ளூர் எண் இரண்டு ஊரிலும் ஒன்றாக இருக்கலாம், குழப்பம் வராது. ஆனால் இரண்டு ஊருக்கும் 04633 என்று கொடுத்துவிட்டால், அம்பாசமுத்திரத்துக்குப் பேச நினைத்தவருக்குத் தென்காசியில் மணி அடிக்கும். பாக்நெட்டிலும் கணக்கு அதுவே. மண்டபத்து லைனில் ஐந்தாம் முகவரி இருக்கலாம், விடுதி லைனிலும் ஐந்தாம் முகவரி இருக்கலாம். லைனின் நெட்வொர்க் எண் மட்டும் வேறாக இருந்தே தீர வேண்டும். எண்ணுக்கா பஞ்சம்? 1 முதல் 65,534 வரை இருக்கிறது. டிவைஸ் எண்ணோ 0 முதல் 41,94,302 வரை. இத்தனையை வைத்துக்கொண்டு இரண்டு ரூட்டர்களுக்கு ஒரே எண்ணைக் கொடுப்பதற்கும் தனித் திறமை வேண்டும்.

முகூர்த்தத்துக்கு முந்தின இரவு பதினொன்றே காலுக்கு மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுத்தது. ரூட்டர்கள் இரண்டும் புதிதாக எழுந்து குரல் கொடுத்தன. அன்று கடைசியாகக் குரல் கொடுத்த மண்டபத்து ரூட்டரைக் கணினி நம்பியது. அந்த நொடியிலிருந்து விடுதித் தொட்டியின் புதிய அளவு அதற்கு வரவே இல்லை. வராதபோது "தெரியவில்லை" என்று சொல்லியிருந்தால்கூட நாங்கள் விழித்திருப்போம். பதினொன்றே காலுக்குப் பார்த்த 92-ஐ மூன்று மணி வரை பிடித்துக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்திருக்கிறது என்று மோட்டாரும் சும்மா இருந்தது. ரூட்டர் எண்ணைத் தவறாகப் போட்டது கவனக்குறைவு, மன்னிக்கலாம். செய்தி நின்றுபோனால் என்ன செய்வது என்று யாருமே யோசிக்காததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதைத் தேடும்போது வேறொன்றும் கண்ணில் பட்டது. எங்கள் மோடத்தில் 47808 என்ற போர்ட் (செய்தி நுழையும் வாசல்) வெளி இணையத்துக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. அது பாக்நெட்டின் போர்ட். பதினாறடிமான எண்முறையில் எழுதினால் பிஏசி0 (BAC0), அதாவது பாக்நெட்டின் முதல் ஆங்கில எழுத்துகள், என்று வரும்படி தேர்ந்தெடுத்த எண், வேடிக்கையான ஆட்கள்தாம். மதுரையிலிருந்தே எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள உங்கள் ஆட்கள் செய்த வசதி என்று தெரிகிறது. எங்களைக் கேட்கவில்லை. எங்கள் ரூட்டரில் ஓடும் சாதாரண பாக்நெட் யார், எவர் என்று கேட்காது. கட்டளை வந்தால் செய்யும். இணையத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கிற எவரும் எங்கள் ஜெனரேட்டரை நிறுத்தலாம். சான்றிதழ் பார்த்து உள்ளே விடுகிற பாதுகாப்பான முறை 2020-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வந்துவிட்டது. அதைப் போட வசதி இல்லையென்றால் முறையான வி.பி.என். (வெளியார் நுழைய முடியாத தனி இணைய வழி) போடுங்கள். நான் அந்தப் போர்ட்டை மூடிவிட்டேன். இனி எங்கள் அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது.

விடுதிப் பேனல் தரைத் தளத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஊரில் இருந்த யாரும் அந்த இடத்தில் ஆணி அடித்திருக்கமாட்டார்கள். அந்த வெள்ளத்தில் எங்கள் தரைத் தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. உங்கள் பேனல் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு அதிக நாள் இல்லை.

எனக்கு வேண்டியவை அதிகம் இல்லை. இரண்டு லைன்களுக்கும் வெவ்வேறு நெட்வொர்க் எண், இரண்டு ரூட்டர்களுக்கும் வெவ்வேறு டிவைஸ் எண் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திப் போட்டு எங்கள் கண்முன்னே சோதித்துக் காட்ட வேண்டும். தொட்டி அளவு பத்து நிமிடம் வரவில்லையென்றால் திரை சிவப்பாக வேண்டும், அலாரம் அடிக்க வேண்டும், மிதவை சுவிட்ச் மறுபடியும் தொட்டியில் இருக்க வேண்டும். மோட்டாரைக் கையால் போடும் சுவிட்ச் பேனலின் வெளியே வர வேண்டும். விடுதிப் பேனலை முதல் மாடிக்கு ஏற்ற வேண்டும். கன்ட்ரோலர்களை மாற்றச் சொன்ன விலைப்புள்ளியை எழுத்து மூலம் திரும்பப் பெற்று, 4,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காகிதம். எந்தக் கன்ட்ரோலருக்கு எந்த முகவரி, லைன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த முனையில் தடை, ரூட்டரின் கடவுச்சொல், அமைப்புக் கோப்பின் நகல் எல்லாம் எங்கள் கையில் இருக்க வேண்டும். பாக்நெட் உங்கள் சொந்தச் சரக்கு இல்லை. ஒரு நிறுவனத்தையே நம்பிக் கிடக்க வேண்டாம் என்றுதான் 1995-இல் ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் அமைப்பு அதைப் பொதுத் தரநிலையாக வெளியிட்டது. அந்தப் பெருமையை உங்கள் விற்பனைப் பிரதிநிதியே என்னிடம் ஒருமணி நேரம் பேசித்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். அதையே கடவுச்சொல் போட்டுப் பூட்டினால் நான் எதற்குப் பணம் கொடுத்தேன்?

ஒப்பந்தத் தொகையில் நிறுத்தி வைத்திருக்கும் பத்து விழுக்காடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இவை முடிந்த அன்று மாலையே உங்கள் கணக்குக்கு வரும்.

ஐப்பசியில் எங்களுக்கு நான்கு முகூர்த்தங்கள் பதிவாகியிருக்கின்றன. முதல் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு ஆள் அனுப்புங்கள். முடிந்தால் கம்பி இழுத்த அந்தப் பையனையும் அனுப்புங்கள். பேனலுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறோம். சாவி இந்த முறை எங்கள் எலக்ட்ரீசியனின் இடுப்பில் தொங்குகிறது, வந்தவர்கள் அவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நிர்வாகி

இணைப்பு: மீட்டர் 40 ஓம் காட்டும் படம், இரண்டு ரூட்டர்களும் ஒரே நெட்வொர்க் எண்ணை அறிவிக்கும் திரைப் பதிவு, வருகைக் கட்டண ரசீதின் நகல், சுவரில் உள்ள வெள்ளக் கோடும் அதன் கீழே உங்கள் பேனலும் சேர்ந்து தெரியும் படம்.