அலெப்போ சோப்பு பற்றி நீ கேட்டது

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. துபாயிலிருந்து வந்த அலெப்போ சோப்பை அறுத்துப் பார்த்துவிட்டு, "வெளியே பழுப்பு, உள்ளே பச்சை, சாயம் போட்டு ஏமாற்றிவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறாய். இல்லை. நன்றாகக் காய்ந்த சோப்புக்கு அதுதான் அடையாளம். வார்த்த புதிதில் கட்டி முழுவதும் பச்சையாக இருக்கும். மாதக்கணக்கில் காற்றாட அடுக்கி வைப்பதால் மேல்தோல் மட்டும் பொன்பழுப்பாகிவிடும்.

சிரியாவின் அலெப்போவில் ஆலிவ் அறுவடை முடிந்து, குளிர் தொடங்கியதும் கொப்பரையில் உலை ஏறும். ஆலிவ் எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா என்ற கடும் காரம் மூன்றும் சேர்ந்து சுமார் மூன்று நாள் கொதிக்கும். முன்காலத்தில் காரத்துக்குச் செடிச் சாம்பலும் சுண்ணாம்பும்தான். மிஞ்சும் கார நீரை அடியிலிருந்து வடித்துவிடுவார்கள். லாரல் என்ற மரத்தின் காய் எண்ணெய் கடைசியில்தான் சேரும், தரத்தைப் பொறுத்து 5 முதல் 40 சதவீதம் வரை. (நம் பிரிஞ்சி இலை வேறு மரம், அதில் தேடாதே.) பிறகு காகிதம் விரித்த தரையில் கூழை ஊற்றி மட்டம் செய்து, இறுகியதும் கத்திகள் பொருத்திய பலகையை இழுத்து வெட்டி, குடும்ப முத்திரை குத்தி, இடைவெளி விட்டு அடுக்குவார்கள். ஆறு முதல் ஒன்பது மாதம் அப்படியே நிற்கும். சிரிய உள்நாட்டுப் போரில் பல பட்டறைகள் நாசமாகி, சில குடும்பங்கள் துருக்கிக்குப் போய்விட்டன. ஒரு நல்ல செய்தி: 2024 டிசம்பரில் இந்தக் கைவினையையும் பாலஸ்தீனத்தின் நாப்லஸ் சோப்பையும் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நுரை வரவில்லை என்றும் எழுதியிருந்தாயே, அது பெரும்பாலும் எண்ணெயின் குணம். ஆலிவில் சுமார் 70 சதவீதம் ஒலியிக் அமிலம். அது சன்னமான, வழவழப்பான நுரைதான் தரும். பொங்கும் நுரைக்கு லாரிக் அமிலம் வேண்டும். தேங்காய் எண்ணெயில் அது ஏறக்குறைய பாதி, லாரலிலும் ஓரளவு உண்டு. உங்கள் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையும் நுரையைக் கெடுக்கும்.

வீட்டில் செய்யப் போவதாக எழுதியிருந்தாய். பட்டறையில் மிகுந்த காரத்தை வடித்துவிடலாம். வீட்டில் கொதிக்க வைக்காமல் செய்யும் முறையில் அது முடியாது. அதனால் எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுத்துப் போடு, அளவுக் குவளை வேண்டாம். ஆலிவ் எண்ணெய் 1000 கிராம், காஸ்டிக் சோடா 127 கிராம், தண்ணீர் 250 கிராம். முழுக் கணக்குக்கு 134 கிராம் சோடா வேண்டும். 5 சதவீதம் குறைத்தால் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சித் தோலை எரிக்காது. பழைய சோடா காற்றிலிருந்து ஈரமும் கரியமில வாயுவும் உறிஞ்சி வலுவிழந்திருக்கும், புதிதாக வாங்கு.

சோடாவைத்தான் தண்ணீரில் போடணும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் சரி; அலுமினியம் அரித்து ஹைட்ரஜன் கிளம்பும். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஜன்னலைத் திறந்து வை.

சோடாத் தண்ணீரும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு வந்ததும் கலந்து, கை பிளெண்டரால் விட்டுவிட்டுக் கடை. கெட்டியான தோசை மாவுப் பதம் வந்ததும் அச்சில் ஊற்று. ஆலிவ் அவ்வளவு சீக்கிரம் பதம் வராது. பொறுமையிழந்து முன்பே ஊற்றினால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அப்படியானால் திரும்பப் பாத்திரத்தில் போட்டுக் கடை. விலை கூடிய எக்ஸ்ட்ரா வர்ஜின் இதற்கு வீண். பிழிந்த ஆலிவ் சக்கையிலிருந்து எடுக்கும் பொமேஸ் எண்ணெய் மலிவு, பதமும் சீக்கிரம் வரும்.

ஓரிரு நாளில் வெட்டலாம். மேலே படியும் வெள்ளைப் பொடி சோடா காற்றோடு சேர்ந்து உண்டான கார்பனேட், சுரண்டிவிடு. ஆறு வாரத்தில் தேய்க்கலாம்தான், ஆனால் சொதசொதவென்று கரையும். மழைக்காலத்தில் செய்தால் இன்னும் தாமதம். வாரம் ஒருமுறை ஒரு கட்டியை நிறுத்துக் குறித்து வை. எடை குறைவது நின்ற பிறகுதான் குளியலறைக்கு எடு.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்