செயலாளரின் ஆண்டறிக்கை: மனை விதிகளும் வாகன நிறுத்துமிடமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இவ்வாண்டு செயற்குழுவின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது, நகராட்சி திருத்த முன்வந்துள்ள நிலப் பயன்பாட்டு விதிகளும் வாகன நிறுத்துமிட விதிகளுமே ஆகும்.

மனையில் வீடு கட்டலாமா, கடை வைக்கலாமா என்பதை மண்டல வகைப்பாடும், எவ்வளவு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடும் வரையறுக்கின்றன. ஆனால் அனுமதித்த பரப்பை முழுதாகக் கட்ட முடியுமா என்பதைப் பல நேரங்களில் முடிவு செய்வது, மனைக்குள் குறைந்தபட்சம் ஒதுக்க வேண்டும் என்று விதி கேட்கும் கார் நிறுத்துமிட எண்ணிக்கைதான். ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும், அதாவது 12.5 சதுர மீட்டர் போதும் என்றாலும், அது உள்ளே வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் வரை ஆகிவிடுகிறது. குறுகிய மனையில் மூன்று சிறு வீடுகள் கட்ட நினைத்த நம் உறுப்பினர் ஒருவர், தரைத்தளம் முழுவதையும் தூண்களுக்கும் கார்களுக்கும் விட்ட பிறகும் மூன்றாவது கார் திரும்ப இடமில்லாததால், வரைபடத்தை இரண்டு பெரிய வீடுகளாக மாற்ற நேர்ந்தது. வீட்டுக்கு ஒரு கார் என்று கணக்கிடும் விதி பெரிய வீடுகளுக்கே சாதகமாக அமைகிறது. கட்டப்படாமல் போன அந்தச் சிறு வீடு எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம் அளிக்கிறது.

பழைய கட்டடங்களுக்கும் இதே நிலைதான். கிடங்கை மருத்துவமனையாக மாற்றினால் கூடுதல் நிறுத்துமிடம் காட்ட வேண்டியிருப்பதால், அது பூட்டியே கிடக்கிறது.

லண்டன் 2004ஆம் ஆண்டுத் திட்டத்திலும் மெக்சிகோ நகரம் 2017இலும் குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கைவிட்டு உச்சவரம்பை வகுத்தன. அமெரிக்காவின் பஃபலோ 2017இல் குறைந்தபட்சத்தை நகர் முழுவதும் நீக்கியது. அவ்வாறு செய்தால் வண்டிகள் தெருவை அடைத்துக்கொள்ளும் என்று சில உறுப்பினர்கள் அஞ்சுவது நியாயமே. ஆயினும் தெருவில் கட்டணமும் கண்காணிப்பும் இன்றி விட்டுவிட்டு, மனைக்குள் எத்தனை இடம் ஒதுக்கச் சொன்னாலும் அச்சிக்கல் தீராது.

எனவே சிறு மனைகளுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கையிலிருந்து விலக்கு அளிக்கவும், பகலில் அலுவலகமும் இரவில் குடியிருப்பும் ஒரே நிறுத்துமிடத்தைப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கவும் கோரி நகராட்சிக்கு மனு அளித்துள்ளோம். மனு பரிசீலனைக்கு வருமுன், எந்தத் தெருவில் எந்நேரத்தில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று நாமே கணக்கெடுக்க வேண்டியுள்ளது. இப்பணியில் பங்கேற்க விரும்புவோர் இக்கூட்டம் முடிவதற்குள் தங்கள் பெயரைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.