ஜெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது

இயேசுவுக்கே புகழ்.

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு,

வள்ளியூரில் எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை இந்த முறை குறைந்திருக்கிறது. கிணற்றடிப் பிரச்சினை நீ சொன்ன மாதிரியே முடிந்தது. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

உங்கள் அணு ராக்கெட் திட்டத்துக்குப் பணத்தை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தியைத் தம்பிதான் காட்டினான். நீ சொல்லவில்லை. அதனால் நானும் அதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. ராத்திரி சாப்பிடுகிறாயா, அதை மட்டும் சொல். வெறும் காபியோடு படுக்காதே.

டான் விண்கலத்தைப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். 2006 மார்ச்சில் நாசா அதை ரத்து செய்தது. திட்டத்தை நடத்திக்கொண்டிருந்த நாசாவின் ஜேபிஎல் ஆய்வு மையத்துக்காரர்கள் மேல்முறையீடு செய்தார்கள், அதே மாதக் கடைசியில் திட்டத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். 2007 செப்டம்பரில் கிளம்பியது. அதன் அயனி எஞ்ஜின் முழு வேகத்தில் தள்ளினாலும் 90 மில்லிநியூட்டன்தான், உள்ளங்கையில் ஒரு தாளை வைத்தால் அது அழுத்துகிற அளவு. செனான் வாயுவின் அணுக்களை மின்சாரத்தால் அயனியாக்கிப் பின்னால் வீசி, ஐந்து வருடத்துக்கும் மேல் அப்படி மெல்லத் தள்ளித் தள்ளியே 2011இல் வெஸ்டா என்ற சிறுகோளையும் 2015இல் சீரிஸ் என்ற குறுங்கோளையும் போய்ச் சுற்றியது. பூமியைத் தாண்டி இரண்டு உலகங்களைச் சுற்றி வந்த முதல் கலம் அதுதான். ரத்து என்ற கடிதம் வந்த அன்றைக்கு அங்கே வேலை பார்த்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

எல்லாத் திட்டமும் அப்படித் திரும்பி வராது, அதுவும் எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தியவள் நான். 1968இல் நெவாடா பாலைவனத்தில் ஃபீபஸ்-2ஏ என்ற அணு உலையை ஓட்டினார்கள். 4,000 மெகாவாட்டுக்கும் மேலே வெப்பம் கொடுத்தது. நம் கூடங்குளத்தில் ஓர் உலையின் வெப்பமே 3,000 மெகாவாட்தான். அதையும் மிஞ்சிய உலையை ராக்கெட்டுக்காகச் செய்து, ஹைட்ரஜனை அதன் வழியே விட்டு ஏறக்குறைய 2,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினார்கள். எரிபொருளை எரித்துப் போகிற எஞ்ஜினைவிட வாயு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறும். இதே முறையில் செய்த நெர்வா என்ற அணு ராக்கெட் எஞ்ஜினும் சோதனையில் நன்றாகத்தான் ஓடியது. செவ்வாய்க்கு ஆள் அனுப்புகிற எண்ணம் கைவிடப்பட்டது, பணமும் போனது, 1973இல் மூடிவிட்டார்கள். எஞ்ஜின் தோற்று மூடவில்லை.

அந்த ஆட்களின் அறிக்கைகளைத்தானே நீ போன வருடம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தாய்? சூடான ஹைட்ரஜன் உலைக்குள் இருக்கிற கிராஃபைட்டை அரிக்கிறது, அதற்கு நியோபியம் கார்பைடு பூசினால் பூச்சும் கிராஃபைட்டும் வேறு வேறு அளவில் விரிந்து வெடிப்பு விழுகிறது என்று போனில் ஒரு மணி நேரம் பேசினாய். தோசை தீய்ந்தது கூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த ஒரு மணி நேரத்தை வைத்து நான் ஊரில் எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன் தெரியுமா? நோட்டுப் புத்தகங்களைப் பத்திரமாக வைத்துக்கொள். எதையும் தூக்கிப் போடாதே.

இடிந்தகரை அத்தை திருவிழாவுக்கு வந்திருந்தாள். இத்தனை நாள் கழித்து அவளாகவே உன்னை விசாரித்தாள். 1978இல் ரஷ்யாக்காரர்களின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் அணு உலையோடு கனடாவில் விழுந்ததை அவள் மகன் படித்துக் காட்டியிருக்கிறான். இந்தப் பிள்ளை செய்கிறதும் அப்படி விழுமா என்று கேட்டாள். மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் உலையை ஓட்டுவார்கள், ஓட்டாத யுரேனியத்தில் கதிர்வீச்சு மிகக் குறைவு என்று நீ சொன்னதைச் சொன்னேன். 1965இல் அமெரிக்கர்கள் அனுப்பிய ஸ்னாப்-10ஏ உலை 43 நாள் ஓடி நின்று, இன்றைக்கும் உயரத்தில் சுற்றுகிறது என்பதையும் சொன்னேன். அவள் சமாதானம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை, கூடங்குளம் உலைக்கு எதிராகக் கடற்கரையில் நின்று போராடினவள் கேட்கிறாள், நியாயமான கேள்விதான். நீயே ஒருநாள் பொறுமையாக அவளிடம் பேசு. உன் மேல் கோபம் இல்லை அவளுக்கு.

யாரிடமும் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை ஜெனிட்டா. தம்பி கூப்பிட்டால் எடுப்பதில்லை. எனக்கு ஒரு 'பிசிம்மா'. செபாவின் கல்யாணத்துக்கு வரவில்லை, சரி, லீவு இல்லை என்று நினைத்தோம். உனக்கு வேலை முக்கியம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததே நாங்கள்தான். ஆனால் வேலை விஷயத்தில் ஒரு கஷ்டம் என்றால் அதை மறைக்கச் சொல்லி வளர்க்கவில்லை.

திருவனந்தபுரம் பக்கம் வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் இருக்கிறதே, அங்கேயும் மின் உந்துவிசையில் வேலை நடக்கிறது. 2017இல் ஜிசாட்-9 செயற்கைக்கோளில் செனான் உந்திகளை வைத்து அனுப்பினார்கள். 300 மில்லிநியூட்டன் உந்தியை 1,000 மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டதாக 2025 மார்ச்சில் செய்தி வந்தது. இங்கேயிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். வா என்று சொல்லவில்லை. உனக்கு அணு உலைதான் பிடிக்கும், தெரியும். தகவலுக்குச் சொன்னேன்.

தபால் ஆபீஸ் பணம் அடுத்த மாதம் கைக்கு வருகிறது. வீட்டு வாடகைக்கு வேண்டும் என்றால் சொல். விசா பேப்பர் எதுவானாலும் தேதியைப் பார்த்துக்கொள், கடைசி நாள் வரை வைத்திராதே. ராத்திரி சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒன்பது மணிக்கு வீட்டில் இருப்போம். உனக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி. கூப்பிடு. கேட்கமாட்டேன் என்று மேலே எழுதிவிட்டேன், முடியவில்லை. வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடு. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா