"பார்த்துக் கொடுங்க"

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் ஏ.சி. மெக்கானிக். ஐ.டி.ஐ. முடித்து, ஒரு டீலரிடம் ஏழு வருடம் வேலை பார்த்து, 2018-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். நான் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் ஒன்பது வருடம் நின்றவள். சுயதொழில் பற்றிச் செய்தி வந்தாலே கடன், மானியம் என்றுதான் வருகிறது. கையில் நல்ல தொழில் இருந்தும் மாதக் கடைசியில் தவிக்கும் வீடுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்களை முதல் நான்கு வருடம் கெடுத்தது "பார்த்துக் கொடுங்க" என்கிற பேச்சுதான். வேலை முடிந்ததும் "எவ்வளவுப்பா?" என்று கேட்பார்கள். இவர் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டபடி, தலையை நிமிராமல், "பார்த்துக் கொடுங்க சார்" என்பார். ஒருவர் 500 தருவார், இன்னொருவர் 300 தருவார். வாங்கிக்கொண்டு வந்து ராத்திரி சாப்பிடும்போது புலம்புவார். பணம் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று மனதில் பதிந்து போயிருந்தது. கொடுக்கிறவர்களுக்கும் அது சங்கடம்தான். அதிகமாகக் கொடுத்துவிட்டோமோ, குறைத்துவிட்டோமோ என்ற சந்தேகத்திலேயே அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

2022 தீபாவளி வேலை முடிந்ததும் நான் கடையை விட்டு நின்று இவருடைய கணக்கைக் கையில் எடுத்தேன். உதவிக்கு வரும் தம்பிக்கு நாள் கூலி 600. ஒரு நாளைக்கு மூன்று வேலை என்றால் ஒரு வேலைக்கு 200. பெட்ரோலுக்கு 60. ஆக, 300 ரூபாய் வாங்கிய வேலையில் எங்களுக்கு மிஞ்சியது 40 ரூபாய். கோடை வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து அவுட்டோர் யூனிட்டைக் கழற்றிய மனிதருக்கு 40 ரூபாய். அதைப் பேப்பரில் எழுதிக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே விலைப்பட்டியல் ஒன்று அடித்து லேமினேட் செய்து அவர் பையில் வைத்தேன். வந்து பார்க்க 250, சாதாரண சர்வீஸ் 500, தண்ணீர் அடித்துக் கழுவும் சர்வீஸ் 700. மெஷினைத் தொடுவதற்கு முன்பே அதை நீட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரத்தில் இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். மற்ற எல்லோரும் படித்துப் பார்த்துவிட்டு, "சரி, பாருங்க" என்றார்கள்.

அப்புறம் வாடிக்கையாளர்களைச் சேர்ப்பது. அதற்கு முன்பு இரண்டு தடவை பணத்தைத் தொலைத்திருந்தோம். மே மாதம் 2,000 நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தார். நான்கு போன் வந்தது. அக்னி நட்சத்திரத்தில் எல்லோரும் ஏற்கெனவே யாரையோ பிடித்து வேலையை முடித்திருப்பார்களே! இன்னொரு முறை ஒரு இணைய நிறுவனத்துக்கு 18,000 ரூபாய் கட்டினோம். ஏ.சி. வேலைக்கு ஆள் தேடுகிறவர்களின் விசாரணையை அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவும் செய்தார்கள். ஆனால் அதே விசாரணை இன்னும் பல மெக்கானிக்குகளுக்கும் போகும். நாம் கூப்பிட்டால், "நீங்க அஞ்சாவது ஆளு, கடைசி ரேட்டைச் சொல்லுங்க" என்பார்கள். அங்கே விலையைக் குறைப்பது தவிர வேறு வழி கிடையாது.

ஜவுளிக்கடையில் பழைய வாடிக்கையாளரின் முகத்தையும் அவர் வீட்டுக் கல்யாணத்தையும் ஞாபகம் வைத்திருப்பதுதான் எங்கள் வேலையே. அதையே இங்கும் செய்தேன். ஒரு நீள நோட்டில் பெயர், தெரு, மெஷின் கம்பெனி, எத்தனை டன், கடைசியாக சர்வீஸ் செய்த தேதி, கூடவே அவர்கள் சொன்ன ஏதாவது ஒரு விஷயம்: "கைக்குழந்தை இருக்கு", "மதியம் அப்பா தூங்குவார்" என்று. தை பிறந்ததும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நோட்டை எடுத்து உட்காருவேன். ஒரு நாளைக்குப் பதினைந்து பேர். "சார், போன மார்ச்சில் வந்தோம், ஹால் ஏ.சி.யில் தண்ணீர் ஒழுகிச்சே, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பேன். முதல் வருடம் 180 பேரைக் கூப்பிட்டதில் எழுபதுக்கும் மேல் வரச் சொன்னார்கள். பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி ஒரு நாள், தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு நாள் என்று பிரித்துக் கொடுத்ததால் மூன்று வேலை நடந்த நாளில் ஐந்து நடந்தது. நோட்டீஸும் அடிக்கிறோம், ஆனால் மாசியில், நாங்கள் வேலை பார்த்த வீடு இருக்கிற தெருவில் மட்டும்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தியாகராஜ நகரில் ஓய்வுபெற்ற டீச்சர். வருடா வருடம் யாரோ ஒருவர் வந்து "கேஸ் இறங்கிடுச்சு" என்று 2,500 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். ஏ.சி.யில் கேஸ் தானாகக் குறையாது. எங்காவது கசிந்தால்தான் குறையும். இவர் கேஸ் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டி முள் சரியாக நிற்பதைக் காட்டினார். பிறகு ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார், போர்வை மாதிரி தூசி. "டீச்சர், கேஸ் சரியா இருக்கு. காத்துதான் போக வழியில்ல" என்று கழுவி மாட்டிவிட்டு 700 மட்டும் வாங்கி வந்தார். அந்த டீச்சர் சொல்லி அதே குடியிருப்பில் 11 மெஷின் கிடைத்தது. காசு கொடுத்துச் செய்த எந்த விளம்பரமும் எங்களுக்கு இவ்வளவு தரவில்லை.

போனில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கூகுள் மேப்பில் பெயரைப் பதிய காசு கிடையாது. வாட்ஸ்அப் பிசினஸும் இலவசம். ஒன்றை மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டோம்: நம் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் வாட்ஸ்அப்பில் மொத்தமாக அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். அதனால் கிளம்பும்போது வாசலில் நின்று, "நம்பரை சேவ் பண்ணிக்கிடுங்க சார்" என்று கேட்டுவிட்டுத்தான் இவர் செருப்பை மாட்டுவார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் போனே அடிக்காது. அந்த மாதங்களில்தான் முன்பெல்லாம் நகை அடகுக்குப் போகும். இப்போது அப்போதுதான் வருட ஒப்பந்தம் பேசுகிறோம். ஒரு மெஷினுக்கு 1,600 ரூபாய், இரண்டு சர்வீஸ், இடையில் கூப்பிட்டால் வந்து பார்க்கக் காசு இல்லை. போன வருடம் 52 மெஷின் சேர்ந்தது. நகை வீட்டிலேயே இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி. மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. இனி இன்னும் பல வீடுகளில் ஏ.சி. மாட்டுவார்கள், மெக்கானிக்குகளுக்கு வேலையும் கூடும். ஆனால் என் வீட்டுக்காரருக்கு கம்ப்ரசரைப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் விலை சொல்லச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிளம்பர், எலக்ட்ரீஷியன் தம்பிகள் பலரும் இன்றைக்கும் "பார்த்துக் கொடுங்க" என்றுதான் நிற்கிறார்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் கட்டணம் இல்லாமல் நல்ல பயிற்சி தருகின்றன. ஆனால் ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் நாள் முழுக்க, வாரக்கணக்கில் வந்து உட்கார முடியாது. அந்த நிறுவனங்களும் மாவட்டத் தொழில் மையமும் மழை மாதங்களில், சாயங்காலம் இரண்டு மணி நேரம், இவர்களுக்கென்று வகுப்பு வைக்க வேண்டும். வேலைக்கு ஆகும் செலவைக் கணக்குப் போடுவது, விலையை நிமிர்ந்து சொல்வது, போனில் பேசுவது, நோட்டு எழுதுவது, இவ்வளவு போதும். மனைவிமாரையும் கூப்பிடுங்கள், பாதி வீடுகளில் போனை எடுப்பது அவர்கள்தான்.

அப்படி வகுப்பு நடந்தால் என் நோட்டை எடுத்துக்கொண்டு நானே வரத் தயார். தை வரைக்கும் எனக்குச் சாயங்காலம் வேலை இல்லை.

இப்படிக்கு,
ஏ.சி. மெக்கானிக் ஒருவரின் மனைவி,
பாளையங்கோட்டை.